பினாங்குக்கு ஆள் அனுப்ப நினைக்கும் துறவற சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அருள்தந்தையரே, அருள்சகோதரியரே,

தோத்திரம்.

மலேசியாவின் பினாங்கில் காது கேளாத கத்தோலிக்கர்களுக்குப் பணியாற்ற ஒரு குருவையோ சகோதரியையோ தமிழ்நாட்டிலிருந்து அனுப்பலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: “அங்கே நம் ஜனங்கள் இருக்கிறார்கள், மொழிச் சிக்கல் இராது.” இந்தக் காரணத்தை நம்பி யாரையும் விமானம் ஏற்றிவிடாதீர்கள். ஆள் வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதியோடு வருகிறவர் முதல் ஞாயிறே தடுமாறுவார். மூன்றாம் ஆண்டில் கொஞ்சம் பிடிபடத் தொடங்கும்போது இடமாற்றக் கடிதம் வந்துவிடும். இந்த இரண்டையும் தவிர்க்கத்தான் எழுதுகிறோம்.

இங்கே தமிழ்க் குடும்பத்தில் பிறக்கும் காது கேளாத பிள்ளையைச் சுற்றி எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். பிள்ளைக்கு அது போய்ச் சேர்வதில்லை. பள்ளி வயது வந்ததும் சிறப்புக் கல்விப் பள்ளிக்குப் போகிறது. 1954-இல் தொடங்கிய, தஞ்சோங் பூங்காவில் உள்ள காது கேளாதோர் பள்ளிதான் இந்நாட்டில் இதற்கெல்லாம் தாய்வீடு. அங்கே எழுத்தும் படிப்பும் மலாய் மொழியில். வகுப்பில் ஆசிரியர் காட்டுவது கேடிபிஎம்; அதாவது, மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல், ‘மெ’, ‘பெர்’, ‘கான்’ என்ற ஒட்டுகளையும் விடாமல், கையால் காட்டும் முறை. விடுதியிலும் திடலிலும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு: மலேசிய சைகை மொழி, எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் பிம். 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றிருப்பதும் பிம்மைத்தான். ஆகவே பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை பேசுவது பிம், வாசிப்பது மலாய். தமிழ் எழுத்துகூட அதற்குத் தெரிந்திருக்காது. தமிழ்த் திருப்பலியில் பாட்டு வரிகளைத் திரையில் போட்டுவிட்டு “காது கேளாதவர்களுக்கும் வசதி செய்துவிட்டோம்” என்று மகிழும் பங்குப் பேரவைகளுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பார்கள் சிலர். தமிழில் ‘அம்மா’வையும் ‘அப்பா’வையும் ஒலியில்லாமல் சொல்லிக் கண்ணாடியில் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். ககரம் தொண்டையோரம் பிறப்பது, வெளியே தெரியாது. ல, ள, ழ மூன்றையும் நாக்குதான் பிரிக்கிறது, உதடு அல்ல. வீட்டுப் பேச்சைப் பாதி ஊகத்தில் ஓட்டலாம். மறையுரையை ஓட்ட முடியாது.

இன்னொரு தவறான கணக்கும் உண்டு. சென்னையில் அடையாறு, லிட்டில் பிளவர் காது கேளாதோர் பள்ளிகளில் பணி செய்த அனுபவம் உள்ளவர் என்றால் வந்த வாரமே தொடங்கிவிடலாம் என்று நினைப்பது. இந்தியச் சைகை மொழி வேறு, பிம் வேறு. எழுத்துக் கூட்டிக் காட்டுவதிலேயே பிரிந்துவிடும்: இந்தியாவில் இரண்டு கையாலும் எழுத்து, இங்கே ஒரே கையால். அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. முகத்தில் கேள்வி காட்டவும், ஒருவர் கண்ணைப் பிடித்த பிறகே பேசவும், இடைவெளியில் ஆட்களை நிறுத்திக் கதை சொல்லவும் பழகியவர் மற்றவரைவிட வேகமாகக் கற்பார். ஆனால் சொற்களை மறந்து புதிதாக ஏற்ற வேண்டும். பழைய சைகை கையை விட்டுப் போக மறுக்கும் என்பதால் சிலருக்கு இதுவே கூடுதல் சுமை.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள்: முதல் ஓராண்டு அவருக்கு எந்தப் பொறுப்பும் தராதீர்கள். பங்கு கிடையாது, மறைக்கல்வி கிடையாது, காது கேளாதோருக்கான திருப்பலியும் கிடையாது. பிம் மட்டும். வகுப்பைக் காது கேளாத ஆசிரியரிடம் எடுக்க வேண்டும். காது கேட்கும் ஆசிரியரிடம் கற்பவர் மலாய் வாக்கியத்தைக் கையால் காட்டும் பழக்கத்துக்குப் போய்விடுவார், அது கடைசிவரை போகாது. வகுப்புக்கு வெளியே உள்ள நேரம் அதைவிட முக்கியம். காது கேளாத நண்பர்கள் கூடும் சாலையோர ஒட்டுக்கடை மேசையில், பூப்பந்துத் திடலில், திருமண விருந்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு மாதம் பேசாமல் இருப்பது குருக்களுக்குக் கடினம்தான். மலாய் எழுத்தும் கூடவே கற்கட்டும். வாட்ஸ்அப் செய்தி அதில்தான் வரும்.

அவசரப்பட்டு மூன்றாம் மாதமே பீடத்தில் ஏறினால் என்ன ஆகும் என்றால், எல்லோரும் தலையாட்டுவார்கள். காது கேளாதோர் வாழ்நாள் முழுவதும் புரியாததற்குத் தலையாட்டப் பழகியவர்கள். ஆசிரியர், மருத்துவர், முதலாளி யாரும் இரண்டாம் முறை சொல்லத் தயாராக இல்லாத உலகத்தில் அது ஒரு தற்காப்பு. புதிதாக வந்த சாமி அந்தத் தலையாட்டலைப் பார்த்து “நன்றாகப் போனது” என்று உங்களுக்கு அறிக்கை எழுதுவார். “புரிந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை. “இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்” என்று திருப்பிச் சொல்லவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது பிள்ளையிடம் அல்ல, தாயிடம். பிள்ளைக்குச் சாப்பாடு, தூக்கம், குளியல், அடி ஆகிய நான்கை மட்டுமே சைகையில் சொல்லத் தெரிந்த தாய்மார்கள் நம் வீடுகளில் அதிகம். இரவுச் செபமாலையில் பிள்ளை மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அறியாமலே. அந்த வீட்டின் அடுப்படியில் நின்று தமிழில் பேசக்கூடிய சகோதரி ஒருவர் வாரம் ஐந்து சைகை வீதம் தாய்க்குக் கற்றுக்கொடுத்தால் அந்த வீடு மாறும். ‘அருள் நிறைந்த மரியே’யை பிம்மில் சொல்ல இரு கையும் வேண்டும் என்பதால் செபமாலையைக் கையில் பிடிக்க முடியாது. மடியில் விரித்துவைத்து, ஒவ்வொரு செபம் முடிந்ததும் ஒரு மணியைத் தள்ளிவிட வேண்டும். வீட்டார் வட்டமாக உட்கார வேண்டும், மாதா சுரூபத்தைப் பார்த்து வரிசையாக அல்ல. வரிசையில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு முன்னிருப்பவர் முதுகுதான் தெரியும்.

இனி, நாள் எப்படிப் போகும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். காலைத் திருப்பலிக்குக் காது கேளாதவர் வரமாட்டார், வேலைக்குப் போயிருப்பார். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் பலருக்கு ஏழு மணி முதல் ஏழு மணி வரை பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி. எந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்தாலும் ஒரு பகுதியினர் வேலையில் இருப்பார்கள். அதனால் மறைக்கல்வி வகுப்பை ஒரே பாடத்துக்கு இருமுறை நடத்தத் திட்டமிட வேண்டும். ஒருமுறை நடத்திவிட்டு “ஆர்வமில்லை, வருவதில்லை” என்று எழுதக்கூடாது. முற்பகல் முழுவதும் மருத்துவமனை, சமூகநல இலாகா, சில நாள் காவல் நிலையம் அல்லது நீதிமன்றம். இரவு எட்டுக்கு மேல் காணொளி அழைப்புகள் வரத் தொடங்கும், பதினொன்றுக்கு மேலும் வரும். கைபேசியை நிறுத்திவைக்க ஒரு தாங்கி, முகத்துக்கு நேரே ஒரு விளக்கு, பின்னால் வெற்றுச் சுவர் இவை அறையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பேசுவது பாதிப் பேச்சு.

மருத்துவமனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணியின் பெரும்பகுதி அங்கேதான். பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் இருக்கமாட்டார். அண்ணன் அல்லது தாய் உடன் வருவார்; மருத்துவர் பத்து நிமிடம் பேசியதை “ஒன்றுமில்லை, மருந்து சாப்பிடு” என்று இரண்டு சைகையில் முடித்துவிடுவார். மருந்துப் பையில் மலாயில் “நாளுக்கு 3 முறை, 1 மாத்திரை” என்று இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூன்றையும் ஒரேயடியாக விழுங்கும் ஆபத்து உண்டு. உறையின்மேல் சூரியன் உதிப்பது, உச்சியில் நிற்பது, நிலா என மூன்று படம் வரைந்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு மாத்திரையை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொடுங்கள். சோறு முன்னாலா பின்னாலா என்பதைத் தட்டு படத்தால் காட்டுங்கள். உடன் போகிறவர் மருத்துவருக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் நோயாளி இருவரையும் ஒரே பார்வையில் காண்பார், மருத்துவரும் நோயாளியைப் பார்த்தே பேசுவார். இல்லாவிட்டால் மருத்துவர் சாமியிடம் பேசுவார், நோயாளி அறையில் ஒரு பொருளாகிவிடுவார். முகக்கவசம் போட்ட மருத்துவரிடம் ஒரு நிமிடம் அதைக் கழற்றும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். பிம்மில் கேள்வியா கூற்றா என்பதைப் புருவமும் வாயும் சேர்ந்துதான் காட்டும். ஆகவே மொழிபெயர்ப்பவரும் கவசமில்லாமல் இருக்க அனுமதி கேட்க வேண்டும்.

திருப்பலிக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த 1965-ஆம் ஆண்டிலேயே திருவழிபாட்டில் சைகை மொழிக்கு ரோமை அனுமதி தந்துவிட்டது. அனுமதி இல்லை என்பது காரணமே அல்ல. காரணம் வெளிச்சமும் நிற்கும் இடமும்தான். சைகை காட்டுபவர் வாசக மேடைக்கு அருகில், ஓரடி உயரமான இடத்தில் நிற்க வேண்டும். பின்னால் வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கக்கூடாது. வெளிச்சம் பின்னிருந்து வந்தால் கை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நம் ஆட்களின் மாநிறக் கைக்கு வெளிர் நிறச் சட்டை பொருத்தம். நிறம் வெளுத்தவர்க்குக் கறுப்பு. கட்டம் போட்ட சட்டை, வளையல், மின்னும் மோதிரம் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், அதற்கு மேல் கை ஓடினாலும் மூளை பின்தங்கும். ஆகவே ஒரு திருப்பலிக்கு இருவர். மறையுரைக் குறிப்பு வியாழக்கிழமைக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். நெபுகத்நேசர் என்ற பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டி முடிப்பதற்குள் குரு அடுத்த பத்தியில் இருப்பார். முன்கூட்டித் தெரிந்தால் அவருக்கு ஒரு பெயர்ச்சைகையைப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

இருட்டுதான் பெரிய எதிரி. பாஸ்கா திருவிழிப்பில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டுப் பாஸ்கா புகழுரை பாடும்போது ஆலயத்திலிருப்போர் சிலிர்க்கிறார்கள். காது கேளாதவருக்கு அந்த நேரம் முழுவதும் எதுவும் நடக்கவில்லை. சைகை காட்டுபவரின் நெஞ்சுக்கும் முகத்துக்கும் மட்டும் படும்படி கீழிருந்து ஒரு சிறு எல்இடி விளக்கு வைத்தால் போதும். வழிபாட்டின் அழகு கெடும் என்று பீடப் பொறுப்பாளர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஜூலை 26-ஐ ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில், மெழுகுவர்த்திப் பவனியில், ஒரு கை மெழுகுவர்த்திக்குப் போய்விடுகிறது. காது கேளாதோர் குழுவுக்குக் கழுத்தில் மாட்டும் சிறு விளக்கைக் கொடுங்கள், கை விடுபடும். கூட்டத்தில் ஒருவர் குழுவைத் தவறவிட்டால் ஒலிபெருக்கி அழைப்பு பயன்படாது. எந்தக் கொடிமரத்தடியில், எத்தனை மணிக்குக் கூடுவது என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பீடத்தில் தானே சைகை காட்டும் குருவுக்கு ஒரு சிக்கல்: அப்பத்தையும் கிண்ணத்தையும் கையில் ஏந்தும் நேரம். மிஞ்சுவது ஒரு கைதான். ஒற்றைக் கையில் தெளிவாகக் காட்டப் பழக வேண்டும். பழகும் இடம் அவர் அறை, பீடம் அல்ல. மறையுரையில் இன்னொன்று. ஊதாரி மைந்தன் உவமையில் தந்தையை வலப்பக்கமும் இளையவனை இடப்பக்கமும் நிறுத்திவிட்டால் கடைசிவரை அப்படியே நிற்க வேண்டும். நடுவில் மறந்து மாற்றினால், வீட்டை விட்டுப் போனது தந்தை என்றாகிவிடும், யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். உவமைகளும் புதுமைகளும் சைகையில் அருமையாக வரும். பவுலடிகளின் நீண்ட வாக்கியங்கள் வராது. அவற்றை வாரத்துக்கு ஒரு கருத்து என்று உடைத்துக்கொள்வதே வழி. ‘இறைவனின் செம்மறி’ என்பதை ஆடு என்று மட்டும் காட்டினால் ஆடுதான் தெரியும். எகிப்தில் கதவுநிலையில் பூசிய ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் முதல் ஒரு சைகை போதும்.

ஒப்புரவு அருள்சாதனத்துக்கு இருட்டுக் கூண்டு உதவாது. ஆலயத்தின் மூலையில், பிறர் காணும் இடத்தில் நடத்துவது அதைவிட மோசம். அது ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பாவம் சொல்வது போன்றது, ஏனெனில் முப்பது அடி தூரத்திலிருந்தும் சைகையை வாசித்துவிடலாம். வெளிச்சமான அறை, மூடிய கதவு, கதவில் கண்ணாடி இருந்தால் திரை. குருவுக்கு இன்னும் சைகை வரவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறவருக்குத் திருச்சபைச் சட்டம் 990 இடம் தருகிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 983-இன் இரண்டாம் பத்தி. ஆனால் இதைக் கட்டாயமாக்கக்கூடாது. இங்கே காது கேளாதோர் வட்டம் சிறியது. மொழிபெயர்ப்பவர் நாளைக்கு அதே மேசையில் காப்பி குடிப்பவர். எழுதிக் கொடுக்க விரும்புகிறவர் எழுதட்டும், தாளை அவர் கண்முன்னே கிழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். திருமணத்தில் 1104-ஆம் சட்டப்படி பேச இயலாதவர் சம்மதத்தைச் சைகையால் தெரிவித்தால் போதும். “வாயால் ஒரு வார்த்தையாவது” என்று மணப்பெண்ணை வற்புறுத்துவதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

குணமளிக்கும் வழிபாடுகளைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு காது கேளாத மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். இங்கே கூட்டத்தின் நடுவே மேடையேற்றிக் காதில் விரல்விட்டு “கேட்கிறதா?” என்று ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். வருகிறவர் இதில் சேரக்கூடாது. காது கேளாதவர் தாமாகக் கேட்டால் செபியுங்கள். அவருடைய அத்தை கேட்டதற்காக அல்ல.

இந்நாட்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. காது கேளாதோர் இனம் மதம் பார்த்துப் பிரிந்து வாழ்வதில்லை. பள்ளித் தோழர்கள் என்பதால் மலாய், சீன, தமிழ் நண்பர்கள் ஒரே மேசையில் இருப்பார்கள். முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. மலாய் நண்பருக்கு மருத்துவமனையில் சைகை மொழிபெயர்க்கலாம், தாராளமாகச் செய்யுங்கள். செபப் படம், சுரூபம், காணொளி எதுவும் கொடுக்க வேண்டாம். பொதுக் குழு உரையாடலில் திருப்பலிக் காணொளியைப் பகிர வேண்டாம், அதற்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளட்டும். ஒருவரின் அஜாக்கிரதையால் மூடப்படும் கதவு எல்லோருக்கும் மூடப்படும்.

குடிநுழைவு அனுமதி குறுகிய காலத்துக்கே கிடைக்கும், புதுப்பிக்கும் வேலை மறைமாவட்ட அலுவலகத்தினுடையது. ஆனால் சபை எத்தனை ஆண்டு என்று மனத்தில் வைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். முதலாண்டு மொழி, இரண்டாமாண்டு தடுமாற்றம், மூன்றாமாண்டில்தான் ஒருவர் தம் வீட்டுச் சண்டையைச் சாமியிடம் சொல்லத் துணிவார். மூன்றாண்டில் திரும்ப அழைப்பதானால் அனுப்பாமலிருப்பதே மேல். பத்தாண்டு என்று எழுத்தில் கொடுங்கள்.

அல்லது காது கேளாதவரையே அனுப்புங்கள். சியோலில் பார்க் மின்-சோ 2007-இல் குருவானார். திருச்சூரில் திருச்சிலுவை சபையின் ஜோசப் தேர்மடம் 2024 மே மாதம் குருவானார். இங்கே குருமடமும் காது கேளாதோர் பள்ளியும் ஒரே தஞ்சோங் பூங்காவில்தான் இருக்கின்றன. உங்கள் சபையில் காது கேளாத இளைஞர் யாராவது விண்ணப்பித்து, “எப்படிப் பயிற்சி தருவது” என்று கோப்பு மேசையில் கிடந்தால், அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். பிம்மை அவர் நாலு மாதத்தில் பிடித்துவிடுவார். தலையாட்டுவது எது, புரிந்தது எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மே மாத இடமாற்றப் பட்டியல் போடும்போது பினாங்கு என்ற இடத்துக்கு நேரே ‘உதவிப் பங்குத்தந்தை’ என்று எழுதாமல் ‘மொழிப் பயிற்சி, 12 மாதம்’ என்று எழுதுங்கள். அது முடியாத ஆண்டில் ஆளுக்கான விமானச் செலவை இங்குள்ள இரண்டு மொழிபெயர்ப்பாளர்களின் ஊதியத்துக்கு அனுப்பிவையுங்கள். ஞாயிறு திருப்பலி நிற்காமல் நடக்கும்.

இப்படிக்கு,
பினாங்கில் காது கேளாதோர் பணியில் உடனிருக்கும் தன்னார்வலர்களும் பெற்றோரும்